நெடும்பயணத்துக்கு எந்த அளவு பைக்? சிசி எண் சொல்லாத கணக்குகள்

வடசென்னையின் திருவொற்றியூரில் 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், ராணுவத்தின் தேவையை முன்னிறுத்தித் தயாரிக்கத் தொடங்கிய புல்லட் 350 வண்டியின் எஞ்சின் சுமார் 18 குதிரைத்திறனைத்தான் எட்டியது. எல்லைப்புறத்தின் கல்லும் மண்ணுமான பாதைகளில் அந்த வண்டி பல பத்தாண்டுகள் ஓடியது. விடுப்பு எடுத்துக்கொண்டு லடாக் போன முந்தைய தலைமுறைக்கும் அதுவே வாகனம். அதே திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் இன்று பைக் வாங்கப் போகும் இளைஞர், 19 குதிரைத்திறன் கொண்ட 200 சிசி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இத்த வச்சுகினு லடாக் போவ முடியுமா?" என்று கடைக்காரரிடம் ஐயத்தோடு கேட்கிறார். இந்த ஐயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பாதி விளம்பரம் விதைத்தது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான், தார்ச்சாலையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரும் தார் இல்லாத பாதையில் சில நூறு கிலோமீட்டரும் போகப்போகிறவருக்கு எந்த அளவு வண்டி பொருந்தும் என்ற கேள்விக்கு உருப்படியான விடை கிடைக்கும்.

முதலில் 'அளவு' என்பதை சிசி எண்ணோடு மட்டும் சேர்த்துப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. எஞ்சின் கொள்ளளவும் வண்டியின் எடையும் சேர்ந்தே ஏறி இறங்குவதில்லை என்பதற்குச் சந்தையிலேயே சான்றுகள் உள்ளன. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பெட்ரோலோடு சேர்த்து 158 கிலோ. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 2016இல் 411 சிசி எஞ்சினோடு வந்தது; 24.5 குதிரைத்திறனுக்கு அதன் எடை பிற்காலத்தில் 199 கிலோவைத் தொட்டது. 2023இல் வந்த புதிய ஹிமாலயன் 452 சிசியும் 40 குதிரைத்திறனும் கொண்டிருந்தும் 196 கிலோதான். கேடிஎம் 390 அட்வென்ச்சரின் முதல் தலைமுறை 373 சிசியில் 43.5 குதிரைத்திறன் தந்து 177 கிலோவில் நின்றது. இவற்றையெல்லாம் விடச் சுவையான எடுத்துக்காட்டு கேடிஎம் 690 எண்டியூரோ: 693 சிசியில் எழுபதுக்கு மேற்பட்ட குதிரைத்திறன் கொண்ட அந்த வண்டி ஏறத்தாழ 160 கிலோ, அதாவது நம் 200 சிசி வண்டியின் எடை. ஆனால் அந்த லேசுக்கு விலை உண்டு. பணம் ஒரு பக்கம் இருக்க, 90 சென்டிமீட்டரைத் தாண்டும் சீட் உயரம், ஒல்லியான சீட், காற்றைத் தடுக்க எதுவுமில்லாத முன்பகுதி என்று நெடும்பயணி வேறு வகையிலும் அதைக் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது எஞ்சினுக்கு முன்பாக எடையைப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அந்த எடையையும் பயணத்தின் பெரும்பகுதியை வைத்து அளக்காமல், அதன் மிக மோசமான பத்துக் கிலோமீட்டரை வைத்து அளக்க வேண்டும். சென்னையிலிருந்து லடாக்கின் லே நகரத்துக்குப் போக 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. அதில் பெரும்பங்கு இன்று நல்ல தார்ச்சாலை. அங்கே எந்த வண்டியும் ஓடும், ஓட்டுகிறவரின் பொறுமைதான் கூடக் குறைய இருக்கும். பயணம் பாதியில் நிற்பது வேறு இடத்தில்: பனி உருகி மாலையில் பெருகும் ஓடையைக் கடக்கும்போது, சாலை போடுவதற்காகக் கொட்டிய உருளைக்கல்லின் மேல் ஏறும்போது, மழைக்குப் பின் களிமண்ணாகிவிட்ட காட்டுப்பாதையில், மணலில். அந்த இடங்களில் வண்டி விழும். நன்றாக ஓட்டத் தெரிந்தவருக்கும் விழும். விழுந்த வண்டியை, துணைக்கு ஆள் இல்லாத நிலையில், காற்று மெலிந்த உயரத்தில், ஒரே நாளில் மூன்று நான்கு முறை தூக்கி நிறுத்த முடியுமா என்பதுதான் தேர்வின் மையக் கேள்வி.

அதைத் தெரிந்துகொள்ள இமயமலை வரை போக வேண்டியதில்லை. எண்ணூரைத் தாண்டி, மீஞ்சூர் வழியாகப் பழவேற்காட்டுப் பக்கம் போனால், சவுக்குத் தோப்புகளுக்கும் குப்பங்களுக்கும் நடுவே கிடக்கும் மணல் தடங்கள் போதும். மணலில் முன்சக்கரம் புதையத் தொடங்கியதும் பழகாதவர் ஆக்சிலேட்டரைக் குறைக்கிறார். எடை முன்னால் சாய்கிறது. சக்கரம் இன்னும் ஆழமாக இறங்கி ஹேண்டில்பார் ஒரு பக்கம் மடங்குகிறது. வண்டி ஓட்டியவரின் காலடியிலேயே படுத்துவிடுகிறது. வேகம் குறைவு என்பதால் அடி படுவதில்லை. வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. எஞ்சினை அணைத்து, வண்டி உருளாமல் இருக்க முதல் கியரில் போட்டு, ஹேண்டில்பாரைக் கீழ்ப்பக்கமாக முழுக்க மடக்கி, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டில் பிடியையும் மறுகையால் பின்பக்கக் கம்பியையும் பற்றி, முதுகை வளைக்காமல் தொடையின் பலத்தால் சிறு சிறு அடியாகப் பின்னோக்கி நடந்து நிமிர்த்த வேண்டும். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் விழுந்திருந்தால் நிமிர்த்திய கையோடு பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். மணலில் இன்னொரு தொல்லை உண்டு: தள்ளத் தள்ள நம் கால்களும் புதையும். மூன்றாம் முறை தூக்கும்போது கை நடுங்குகிறது. ஐந்தாம் முறை, வலைக்குப் போகிற யாராவது வந்து, "இன்னாபா இது, மாடு கணக்கா இருக்குது" என்று சொல்லி ஒரு கை கொடுத்தால்தான் உண்டு. ஆமைகள் முட்டையிட வரும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடற்கரை மணலில் வண்டி இறக்கவே கூடாது. மற்ற மாதங்களிலும் நீர்விளிம்பை விட்டு உள்பக்கத் தடங்களில் பழகுவதே முறை.

ஐந்தரை அடி உயரமும் 65 கிலோ எடையும் கொண்ட ஒருவரை எடுத்துக்கொண்டால், 158 கிலோ வண்டி அவரைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. 196 கிலோ வண்டி மூன்று மடங்கு. பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249 கிலோ, ஏறத்தாழ நான்கு மடங்கு. பெட்டிகளும் சாமானும் ஏற்றிய பிறகு ஒவ்வொன்றோடும் இன்னும் 20 முதல் 40 கிலோ வரை சேரும். பெரிய பிஎம்டபிள்யூ வண்டிகளுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவற்றின் சிலிண்டர்கள் இருபக்கமும் கிடையாக நீட்டிக்கொண்டிருப்பதால், விழுந்தால் வண்டி முழுக்கப் படுக்காமல் சிலிண்டரின் மேல் சாய்ந்து நிற்கிறது, எடை கீழே தங்கியிருப்பதும் சேர்ந்து, எண்ணைப் பார்த்துப் பயந்த அளவுக்குத் தூக்குவது கடினமாக இருப்பதில்லை. இருந்தாலும் பள்ளத்தில் தலைகீழாகச் சரிந்து கிடக்கும்போது இந்தச் சலுகை எதுவும் கிடைக்காது.

பெரிய வண்டியே நெடும்பயணத்துக்கானது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. பிஎம்டபிள்யூ 1980இல் ஆர் 80 ஜி/எஸ் வண்டியை வெளியிட்டது. அதையொட்டி அமைத்த பந்தய வண்டிகள் பாரிஸ்–டக்கார் ராலியை 1981, 1983, 1984, 1985 ஆகிய ஆண்டுகளில் வென்றன. சகாராவின் திறந்த வெளியில் மணிக்கணக்கில் முழு வேகத்தில் பறக்க வேண்டிய அந்தப் பந்தயத்தில் பெரிய எஞ்சினுக்குப் பயன் இருந்தது. வெற்றியின் புகழ் கடைகளில் விற்கும் வண்டிகளின் மேல் படிந்தது. ஆனால் அதே டக்கார் ராலி, வேகத்தையும் விபத்துகளையும் குறைக்கும் நோக்கில், 2011 முதல் எல்லாப் போட்டியாளர்களுக்கும் 450 சிசி என்ற உச்சவரம்பை வைத்துவிட்டது. பந்தயம் இளைத்துக்கொண்டே போக, பந்தயத்தின் பேரைச் சொல்லி விற்கும் வண்டிகள் பெருத்துக்கொண்டே போயின. இந்த முரணை விளம்பரங்கள் பேசுவதில்லை.

இவான் மெக்கிரெகர், சார்லி பூர்மன் என்ற இரு நடிகர்கள் 2004இல் லண்டனிலிருந்து கிழக்கே புறப்பட்டு நியூயார்க் வரை சென்ற பயணமும் பிஎம்டபிள்யூவின் பெரிய ஜிஎஸ் வண்டிகளின் விற்பனைக்குப் பெரிய துணையாக இருந்தது. ஏறத்தாழ கால் டன் எடையுள்ள வண்டிகளோடு மங்கோலியாவின் சேற்றில் அவர்கள் பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. அங்கே உடன்வந்த ஒளிப்பதிவாளரின் வண்டி பழுதானபோது, அவர் உள்ளூரில் கிடைத்த மலிவான ரஷ்ய வண்டியொன்றை வாங்கி ஓட்டினார். சேற்றில் அது மற்ற இரண்டையும் விட எளிதாகப் போனது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் வாங்க விரும்பியது மட்டும் ஜிஎஸ் வண்டியைத்தான்.

450 என்ற எண்ணைக் கேட்டதும் டக்கார் வண்டியையும் ஹிமாலயனையும் ஒரே வரிசையில் வைத்துவிடக் கூடாது. பந்தய எஞ்சின் லேசாகவும் கூர்மையாகவும் செதுக்கியது. குறைந்த தூரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், சில பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பின் உள்ளே திறந்து பார்க்க வேண்டும், கூடவே மெக்கானிக்குகள் வண்டி நிறைய உதிரிபாகங்களோடு வர வேண்டும். பயண வண்டியின் எஞ்சின் அதே கொள்ளளவில் குறைந்த திறனோடு நிதானமாக ஓடி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் யாரும் தொடாமல் உழைக்க வேண்டும். ஆகவே ஒரே சிசியில் அதிகக் குதிரைத்திறன் தருவதே சிறந்த வண்டி என்று எண்ணுவதும் பிழை.

இதுவரை சொன்னதைக் கேட்டால் மிகச் சிறிய வண்டியே நல்லது என்று தோன்றலாம். மறுபக்கக் கணக்கு மாதவரத்தைத் தாண்டியதும் தொடங்குகிறது. செங்குன்றம், காரனோடை, கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே ஓடும் தேசிய நெடுஞ்சாலை 16இல் கண்டெய்னர் லாரிகளின் வரிசை முடிவதே இல்லை. 200 சிசி வண்டியால் மணிக்கு 80 கிலோமீட்டரில் சோர்வின்றிப் போக முடியும். ஆனால் அந்த வேகத்துக்கு மேல் மிச்சமிருக்கும் பலம் குறைவு. எதிர்காற்று அடிக்கும் நெல்லூர்ப் பக்கத்தில், சாமான் ஏற்றிய நிலையில், எழுபதில் போகும் லாரியைக் கடக்க நினைத்தால் முன்னே நீண்ட இடைவெளி வேண்டும், கியரைக் குறைத்து எஞ்சினைக் கதறவிட வேண்டும். கடந்து முடிப்பதற்குள் எதிரே சாலையின் தவறான பக்கத்தில் ஒரு டிராக்டர் வந்துவிடுவதும் நம் ஊரில் புதிதல்ல. நாளுக்கு 500 கிலோமீட்டர் என்று ஒரு வாரம் இப்படிப் போனால், மலையடிவாரத்தை அடையும்போதே உடல் களைத்திருக்கும். களைத்த உடலோடு கரடுமுரடான பாதையில் இறங்குவது எந்த எடை வண்டியிலும் ஆபத்து.

இன்னொரு உண்மையையும் பக்கத்தில் வைக்க வேண்டும். நான்குவழி நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்துக்கு 2018ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிப்பு அனுமதித்த உச்ச வேகமே மணிக்கு 80 கிலோமீட்டர்தான். மணிக்கு 150இல் ஓடும் திறனுக்காகப் பணம் கொடுக்கிறவர், சட்டப்படி பயன்படுத்த முடியாத ஒன்றுக்கே பணம் கொடுக்கிறார். சோழவரம் விமான ஓடுதளத்தில் பைக் பந்தயங்கள் நடந்த காலத்தில் நீளமான நேர்பாதையில் அந்தத் திறனுக்கு மதிப்பு இருந்தது. பொதுச்சாலையில் தேவைப்படுவது எண்பதில் அதிராமல் ஓடுவதும், அறுபது எழுபதிலிருந்து எண்பதுக்குச் சட்டென ஏறி லாரியைக் கடப்பதும் மட்டுமே. ஹிமாலயன் 450, கேடிஎம் 390 போன்ற 40 குதிரைத்திறன் வண்டிகள் இதைத் தாராளமாகச் செய்கின்றன. அதற்கு மேல் போகும் ஒவ்வொரு குதிரைத்திறனும் சுகம். தேவை என்று சொல்ல முடியாது.

நெடுஞ்சாலையைச் சமாளிக்கச் சென்னைக்காரர்கள் கண்டுபிடித்த வழி ரயில். பெட்ரோலை முழுக்க இறக்கி, சாக்கு சுற்றிக் கட்டி, ஆர்சி நகலோடு சென்ட்ரல் பார்சல் அலுவலகத்தில் வண்டியைப் பதிவு செய்து டெல்லிக்கு அனுப்பிவிட்டு, பின்னாலேயே ரயிலேறிப் போய் அங்கிருந்து ஓட்டுகிறவர்கள் ஏராளம். இந்த வழியை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் அளவுக் கணக்கே மாறிவிடுகிறது: தார்ச்சாலையின் பெரும்பகுதி கழிந்துபோக, மலைப்பாதைக்கு ஏற்ற 200 அல்லது 210 சிசி வண்டியே போதுமானதாகிறது. பார்சல் பெட்டிக்குள் வண்டியை ஆட்கள் கையால்தான் தூக்கி ஏற்றுகிறார்கள் என்பதால், லேசான வண்டிக்கு அடிபடும் வாய்ப்பும் குறைவு. ஆந்திரம், ஒடிசா, வடகிழக்கு என்று வழிநெடுகப் பார்த்துக்கொண்டே போவதுதான் பயணம் என்று நினைக்கிறவருக்கு இது ஒவ்வாது. அவர் 400 சிசி வகையைத்தான் பார்க்க வேண்டும்.

குதிரைத்திறனின் நியாயமான தேவை உயரத்தில் வெளிப்படுகிறது. லடாக்கின் கார்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. எஞ்சினின் திறன் உள்ளே போகும் காற்றின் அளவைப் பொறுத்தது என்பதால் ஏறத்தாழ அதே விகிதத்தில் இறங்குகிறது. கடலோரக் காசிமேட்டில் 19 குதிரைத்திறனாக இருக்கும் வண்டி அங்கே 11ஐ ஒட்டி நிற்கும். 40 குதிரைத்திறன் வண்டி 23ஐ ஒட்டி நிற்கும். ஃப்யூவல் இன்ஜெக்ஷன் இருந்தால் இந்த இழப்பு வராது என்று பலர் நம்புகிறார்கள். காற்று மெலியும்போது பெட்ரோலையும் அதற்கேற்பக் குறைத்து, எஞ்சின் புகையாமல் திணறாமல் ஓட வைப்பது மட்டுமே இன்ஜெக்ஷனின் வேலை. இல்லாத காற்றை அதனால் கொண்டுவர முடியாது. பழைய கார்புரேட்டர் புல்லட்டுகள் கணவாய்களில் கரும்புகை கக்கியபடி நின்றுபோனது கலவை கெட்டதால். இன்றைய 200 சிசி வண்டி நிற்காது, ஆனால் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து ஏறும்.

ஊர்ந்தாலும் ஏறிவிடும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. 19,024 அடி உயரத்து உம்லிங் லா கணவாய்க்கு நூறு சிசி வண்டிகளும் போயிருக்கின்றன. தனி ஆள், இருபது கிலோ சாமான் என்றால் 11 குதிரைத்திறன் தாங்கும். பின்சீட்டில் ஒருவரை உட்காரவைத்து இருபுறமும் பெட்டி மாட்டினால் அதே 11 போதாது. சிறிய வண்டிக்காரர்கள் பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தில், இரண்டு மூன்று பல் கூட்டி ஏற்றத்தில் இழுவையைக் கூட்டிக்கொள்கிறார்கள். அதற்கு ஈடாக நெடுஞ்சாலை வேகம் கொஞ்சம் குறையும். குதிரைத்திறனைப் போலவே சக்கரத்தைச் சுழற்றித் தள்ளும் முறுக்குவிசை எஞ்சினின் எந்தச் சுழற்சி வேகத்தில் கிடைக்கிறது என்பதும் முக்கியம். பழைய 411 ஹிமாலயன் வெறும் 24.5 குதிரைத்திறனோடு கல் நிறைந்த ஏற்றங்களில் நல்ல பெயர் வாங்கியதற்குக் காரணம், அதன் 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தாழ்ந்த சுழற்சியிலேயே கிடைத்ததுதான். க்ளட்சை அரைகுறையாகப் பிடித்துத் தேய்க்காமல் நடக்கும் வேகத்தில் கற்களின் மேல் ஏற்றிவிடலாம்.

சீட் உயரம் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். கரடுமுரடான பாதைக்கு சஸ்பென்ஷன் நீளமாக இயங்க வேண்டும், வண்டியின் வயிற்றடிக்கும் தரைக்கும் நடுவே நிறைய இடைவெளி இருக்க வேண்டும்; இரண்டும் சீட்டை மேலே தள்ளுகின்றன. பழைய ஹிமாலயன் 800 மில்லிமீட்டர், எக்ஸ்பல்ஸ் 200 4வி 825, புதிய ஹிமாலயன் 825 முதல் 845 வரை, கேடிஎம் 390 முதல் தலைமுறை 855, எக்ஸ்பல்ஸின் புரோ வகை 891. ஐந்தரை அடி உயரக்காரருக்கு 825இல் இரு கால்களின் முன்பாதமும் தரையைத் தொடும். 855இல் இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி ஒரு காலை மட்டும் ஊன்ற முடியும். வண்டி லேசாக இருந்தால் ஒரு கால் போதும். கனமான வண்டியில், சரிவில், கால் ஊன்றப் போன இடத்தில் பள்ளம் இருந்துவிட்டால், வண்டி சாயத் தொடங்கிய பிறகு அதைப் பிடித்து நிறுத்த மனிதப் பலத்தால் ஆகாது. ஆகவே உயரத்தையும் எடையையும் தனித்தனியாகப் பார்க்காமல் பெருக்கிப் பார்க்க வேண்டும்: உயரமான லேசான வண்டியைப் பழகிக்கொள்ளலாம், தாழ்ந்த கனமான வண்டியையும் சமாளிக்கலாம், உயரமும் கனமும் சேர்ந்தது பெரும்பாலோருக்கு ஒத்துவராது.

பெரிய வண்டியில் பெரிய டேங்க், அதனால் நெடுந்தூரம் போகலாம் என்ற கணக்கும் ஆராயத்தக்கது. எக்ஸ்பல்ஸின் 13 லிட்டரும், ஹிமாலயன் 450இன் 17 லிட்டரும், ஆர் 1250 ஜிஎஸ்ஸின் 20 லிட்டரும், அவரவர் மைலேஜால் பெருக்கினால் ஏறத்தாழ ஒரே தூரத்தில், 400 கிலோமீட்டரைச் சுற்றி வந்து நிற்கின்றன. மணாலி–லே வழியில் தாண்டி என்ற ஊரில், அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டரில் என்று எழுதியிருந்த பலகை பயணிகளிடையே பெயர்போனது. மூன்று வண்டிகளுமே அந்தத் தூரத்தை விளிம்பில் தாண்டும், மூன்றுக்குமே கூடுதலாக ஐந்து லிட்டர் கேன் நல்லது.

பழுது பார்ப்பதில் சிறிய வண்டியின் கை ஓங்கியே இருக்கிறது. பீகாரின் சிற்றூரிலும் ஹீரோ வண்டியைத் திறக்கத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். ரேடியேட்டரில் கல் பட்டு ஒழுகும் சிக்கல் காற்றிலும் ஆயிலிலும் குளிரும் எஞ்சினுக்குக் கிடையாது. பஞ்சரை மட்டும் எந்த அளவு வண்டியிலும் சொந்தமாகப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மண்பாதைக்கு ஏற்ற 21 அங்குல முன்சக்கரம் பெரும்பாலும் ஸ்போக்கும் டியூபுமாகத்தான் வருகிறது. டயர் லிவர் இரண்டு, ஒட்டு, கைப்பம்பு ஆகியவற்றோடு மதிய வெயிலில் பின்சக்கரத்தைக் கழற்றி டியூபை உருவும் வேலை 158 கிலோ வண்டியில் ஒரு கல்லை முட்டுக்கொடுத்துத் தனியாகவே முடியும். 250 கிலோ வண்டியில் சென்டர் ஸ்டாண்டு இல்லாவிட்டால் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

பணக் கணக்கு சமீபத்தில் கூர்மையாகிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு. ஆகவே 200க்கும் 450க்கும் நடுவிலான விலைப் பள்ளம் முன்பைவிட அகலம். அந்த வித்தியாசத்தில் நல்ல ஹெல்மெட், முழங்கால் கவசம், பூட்ஸ், டயர்கள், இரண்டு வாரப் பயணச் செலவு எல்லாம் அடங்கிவிடும். நாட்டுக்கு வெளியே வண்டியோடு போக நினைப்பவர்களுக்கு இன்னொன்று: பல நாடுகள் கேட்கும் கார்னே என்ற சுங்க ஆவணத்துக்குக் கட்ட வேண்டிய பிணைத்தொகை வண்டியின் மதிப்பைப் பொறுத்தது. விலை குறைந்த வண்டி அங்கும் உதவும்.

650 சிசிக்கு மேற்பட்டவை யாருக்கு என்று கேட்டால், பாதையில் தார் ஒன்பது பங்கும் மண் ஒரு பங்குமாக இருப்பவர்களுக்கு, எப்போதும் குழுவாகப் போகிறவர்களுக்கு, இணையரைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு சாமானோடு நீண்ட தூரம் போகிறவர்களுக்கு. இருவர் பயணத்தில் பெரிய வண்டியின் அகன்ற சீட்டும் உறுதியான பின்சட்டகமும் பெரிய நிம்மதி; 450 வகை அதையும் ஓரளவு தாங்கும், 200 தாங்காது. தனியாகப் போகிறவர், சென்னையிலிருந்தே ஓட்டிக்கொண்டு போக விரும்பினால், 400 முதல் 450 வரையுள்ள வண்டியை 200 கிலோவுக்குள் தேடுவதும், ரயிலில் அனுப்பத் தயங்காதவர் 200 சிசி வகையோடு நின்றுகொள்வதும் என் பார்வையில் சரியான தேர்வு. பெண்கள் பலர் 200 சிசி வகையை விரும்புவதை உடல்பலத்தோடு மட்டும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறார்கள். மண்ணில் நீண்ட நேரம் ஓட்டியவர்கள் ஆண் பெண் பேதமின்றி அந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள்.

ஷோரூம் வாசலில் இரண்டு தெரு சுற்றிவரும் டெஸ்ட் ரைடில் இவற்றில் எதுவும் தெரியாது. எண்ணூர் விரைவுச்சாலையின் குழிகளில் எழுந்து நின்று ஓட்டினால் ஹேண்டில்பார் கைக்கு எட்டுகிறதா, முழங்கால் டேங்கைப் பற்றுகிறதா என்று பார்க்கலாம். நண்பரிடம் அதே வண்டி இருந்தால் இன்னும் நல்லது: வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டில் பாதிப் பாதி நீர் நிரப்பிப் பின்சீட்டில் இருபுறமும் கட்டிக்கொண்டு, முழு டேங்க் பெட்ரோலோடு பழவேற்காட்டு மண்தடத்தில் மெதுவாகப் போய், ஒரு கித்தானை விரித்து அதன் மேல் வண்டியை மெல்லப் படுக்கவைத்து, உதவியின்றித் தூக்கிப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்து மூன்று முறை தூக்க முடியாவிட்டால் முதலில் கேன்களை இறக்கிவிட்டு முயலலாம். அப்போதும் முடியாத வண்டியை, அதன் எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும், அந்தப் பயணத்துக்கான பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.